ஸ்டுடியோவுக்குச் சொந்த முகவரி

மாசி மாதம் சிவராத்திரி நெருங்கும் நாட்களில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பையும் பிள்ளையுமாக இறங்கும் குடும்பங்களைப் பார்த்தால் இந்தச் சீமையின் கதை விளங்கிவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனி, கோயம்புத்தூரில் ஒர்க்‌ஷாப், சென்னையில் மளிகைக் கடை, துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை என்று போனவர்கள் எல்லாரும் குலசாமியைத் தேடித் திரும்பி வருகிறார்கள். வானம் பார்த்த பூமி பிழைப்புக்கு வெளியே அனுப்பிவிடுகிறது. சாமி வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்கிறது. வந்த இடத்தில் பிள்ளைகளுக்கு முடி இறக்கிக் காது குத்துவார்கள். கிடா வெட்டிச் சொந்தபந்தத்துக்குச் சோறு போடுவார்கள். அதைப் படம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

முன்பெல்லாம் ஊரிலிருக்கும் சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ தகவல் சொன்னால் அவர் பார்த்து யாரையாவது பேசி வைப்பார். அந்தச் சித்தப்பாவும் இப்போது மகனோடு திருப்பூரில்தான் இருக்கிறார். ஆகவே செல்போனை எடுத்துத் தேடுகிறார்கள். தேடினால் மதுரை ஸ்டுடியோக்கள் வருகின்றன. நரிக்குடிப் பக்கமே பிறந்து வளர்ந்து, எந்தக் கோயிலில் எந்த நேரத்துக்குப் பூசை, எந்தப் பங்காளி எங்கே நிற்பார் என்பது வரை தெரிந்த பையனின் பெயர் வருவதில்லை. மதுரையிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கார் வாடகை கொடுத்து ஆளைக் கூட்டி வருகிறார்கள். நம் பையன் அதே கூட்டத்தில் கைகட்டி நின்று வேடிக்கை பார்க்கிறான்.

இருட்டறைச் சிவப்பு விளக்கில் தொழில் பழகியவன் நான். நெகட்டிவில் பென்சில் வைத்து முகத்தின் குழியை நிரப்பிய தலைமுறை. என்னிடம் வேலை கற்றவர்களும், அவர்களிடம் கற்ற இளைய பையன்களும் இப்போது அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி, காரியாபட்டி என்று கடை போட்டிருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணாச்சி, இன்ஸ்டாகிராம்ல பக்கம் வச்சிருக்கோம், வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போடுறோம். தனியா வெப்சைட் வேற வேணுமா?”

வேண்டும். அதை எப்படிப் போட வேண்டும், எதைப் போடக் கூடாது என்று விவரமாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இன்ஸ்டாகிராமை விட்டுவிடச் சொல்லவில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும். ஆனால் அது அடுத்தவர் வீட்டுத் திண்ணை. வீட்டுக்காரர் எழுந்திருக்கச் சொன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆர்குட் என்று ஒன்று இருந்தது. நம் பிள்ளைகள் அதில் ஆல்பம் ஆல்பமாகப் படம் போட்டார்கள். 2014 செப்டம்பர் 30ஆம் தேதி அதை மூடினார்கள். டிக்டாக்கில் கல்யாண வீடியோ போட்டுப் பெயர் வாங்கிய கேமராக்காரர்கள் தென் மாவட்டங்களில் நிறைய உண்டு. 2020 ஜூன் 29ஆம் தேதி மத்திய அரசு தடை விதித்ததும் அத்தனை உழைப்பும் ஒரே இரவில் போயிற்று. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் முடங்கிக் கிடந்தன. மூன்றும் ஒன்றாக முடங்கியதற்கு, அவை ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதுதான் காரணம்.

இவற்றைவிட நம் தொழிலுக்கு நெருக்கமான சம்பவம் ஒன்று உண்டு. கடையைக் கூகுள் மேப்பில் பதிந்து வைத்திருந்தவர்களுக்கு அந்த நிறுவனமே இலவசமாக ஒரு பக்க வெப்சைட் கொடுத்துவந்தது. அதன் முகவரி ‘பிசினஸ்.சைட்’ என்று முடியும். காசில்லாமல் கிடைக்கிறதே என்று சிறு கடைக்காரர்கள் பலர் எடுத்துக்கொண்டார்கள். விசிட்டிங் கார்டில் அச்சடித்தார்கள், கடை போர்டில் எழுதினார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அந்தப் பக்கங்களை நிறுத்திவிட்டது. ஜூன் 10 வரை, பழைய முகவரியைத் தட்டியவர்களை மேப்பில் இருக்கும் கடைப் பக்கத்துக்கு அனுப்பியது. அதற்குப் பிறகு அதுவும் கிடையாது. போர்டில் எழுதிய முகவரி மட்டும் அப்படியே நின்றது.

கூகுளைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. இலவசமாகக் கொடுத்தவர்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டார்கள். நம் பெயரை நிறுத்த வேண்டிய இடத்தை நாமே காசு கொடுத்து வாங்கவில்லை என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது.

பெயர் நிற்பது என்று சொன்னதும் திருச்சுழிக்காரர்களுக்கு ஒன்றை நினைவுபடுத்தத் தோன்றுகிறது. 1879 டிசம்பர் 30ஆம் தேதி அந்த ஊரில், வக்கீல் தொழில் பார்த்த சுந்தரம் அய்யரின் மகனாகப் பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. தந்தை இறந்தபின் மதுரைக்கு வந்தார். 1896இல் திருவண்ணாமலைக்குப் போனவர் கடைசிவரை அங்கேயே இருந்தார். அவரைச் சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி நிறையப் படம் எடுத்திருக்கிறார். 1950 ஏப்ரலில் மகரிஷி மறைந்தபோது பிரான்சு தேசத்து ஆன்றி கார்த்தியே-பிரெசோன் கேமராவோடு திருவண்ணாமலையில் இருந்தார். ஆனால் இன்று உலகம் முழுவதும் வீடுகளிலும் புத்தகங்களிலும் இருப்பது, கருணை ததும்பும் கண்களோடு நேரே நம்மைப் பார்க்கும் அந்த மார்பளவுப் படம். அது 1946இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது. வெல்லிங்கை நேரில் பார்த்தவர்கள் இன்று யார் இருக்கப் போகிறார்கள்? ஆனாலும் அதை ‘வெல்லிங் எடுத்த படம்’ என்றே பக்தர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆசிரமம் படங்களைப் பாதுகாத்தது. எடுத்தவர் பெயரையும் படத்திலிருந்து பிரியவிடாமல் வைத்திருந்தது.

அந்தக் காலத்து ஸ்டுடியோக்களும் இதைத் தெரிந்து வைத்திருந்தன. படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, கீழ் ஓரத்தில் ஸ்டுடியோ பெயரையும் ஊர்ப் பெயரையும் அழுத்திப் பதிப்பார்கள். விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். படம் பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போனாலும் பெயரும் கூடவே போகும். இன்று பென் டிரைவில் ஆயிரக்கணக்கான படங்களைப் போட்டுக் கொடுக்கிறோம். அதில் நம் பெயர் எங்கே இருக்கிறது? அந்த அட்டை செய்த வேலையைச் செய்யத்தான் வெப்சைட்.

முதல் காரியம் டொமைன், அதாவது முகவரிப் பெயர். ‘.இன்’ முகவரிகள் 2005 முதல் எல்லாருக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. ‘.காம்’ எப்போதும் உண்டு. தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்று முடியும் முகவரியும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும் என்றாலும், வாடிக்கையாளர் செல்போனில் ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகிவிட்டதால் முதல் முகவரியை ‘.இன்’ அல்லது ‘.காம்’ என்று எடுப்பதே நடைமுறைக்குச் சரி. பெயர் வைக்கும்போது ஒரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. அருப்புக்கோட்டையை ஆங்கிலத்தில் சிலர் ஒற்றைக் ‘கே’ போட்டு எழுதுகிறார்கள், சிலர் இரட்டைக் ‘கே’ போடுகிறார்கள். திருச்சுழிக்கு ‘எல்’லா ‘இசட் எச்’சா என்பதில் அரசுப் பலகைகளே ஒத்துப்போவதில்லை. ஊர்ப் பெயரை முகவரியில் வைத்தால் பாதிப் பேர் தவறாகத் தட்டுவார்கள். ஸ்டுடியோவின் சிறிய பெயரை மட்டும் வையுங்கள். கல்யாண மண்டப இரைச்சலில் ஒரு தடவை காதில் விழுந்தாலே எழுதத் தெரிய வேண்டும், அதுதான் அளவு.

இரண்டாவது, அந்த டொமைன் யார் பெயரில் பதிவாகிறது என்பது. இதில் ஏமாந்தவர்கள் அதிகம். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோக்காரருக்கு வெளியூர்ப் பையன் ஒருவன் வெப்சைட் போட்டுக் கொடுத்தான். நல்ல வேலைக்காரன்தான். ஆனால் டொமைனைத் தன் ஈமெயிலில், தன் செல் நம்பரில் பதிந்துகொண்டான். மூன்றாம் வருஷம் இருவருக்கும் மனஸ்தாபம் வந்தது. புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அவன் போனை எடுக்கவில்லை. கெடு முடிந்து, அதற்கு மேல் கொடுக்கும் சில வார அவகாசமும் முடிந்ததும் அந்தப் பெயரை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஸ்டுடியோ முகவரியைத் தட்டினால் சம்பந்தமே இல்லாத விளம்பரம் வந்தது. ஊருக்குள் அவர் அத்தனை வருஷம் சேர்த்த பெயர் அது. வீட்டுப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் பதிவோமா? வெப்சைட்டை யார் வேண்டுமானாலும் கட்டட்டும், பெயர் உங்கள் ஈமெயிலில், உங்கள் நம்பரில், உங்கள் பணத்தில் இருக்க வேண்டும்.

செலவு பெரிதில்லை. டொமைனுக்கு வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய், ஹோஸ்டிங் என்கிற இட வாடகைக்குச் சில ஆயிரம். ஒரு நல்ல கல்யாண ஆல்பம் அடிக்கும் காசுக்குள் வருஷம் ஓடிவிடும். வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள் 2003இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தேவாங்கர் கலைக் கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன், செய்து தரச் சொல்லாதீர்கள். டெவலப்பர் கலக்கவும் எக்ஸ்போஷர் பார்க்கவும் கற்றுக்கொண்ட தொழில் இது. இதையும் கற்றுக்கொள்ள நமக்கு முடியும்.

சரி, எந்தப் படத்தைப் போடுவது?

சில ஸ்டுடியோக்களின் பக்கத்தைத் திறந்தால் முதல் படமே உதயப்பூர் அரண்மனை. அடுத்தது ஆலப்புழைப் படகு வீடு. எதுவும் அவர்கள் எடுத்ததில்லை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. அது திருட்டு என்பது ஒரு பக்கம். அதைப் பார்த்து வருகிறவர், ‘இந்த மாதிரி எடுத்துத் தாருங்கள்’ என்று திருச்சுழி வெயிலில் நிற்கும்போது என்ன செய்வீர்கள்? நம் ஊரின் வெளிச்சத்தை நமக்கு மட்டும்தான் தெரியும். அதைக் காட்டுங்கள்.

இந்த வெளிச்சத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. கரிசல் மண் வெளிச்சத்தை விழுங்கும். மணலில் நின்றால் கீழேயிருந்து கொஞ்சம் வெளிச்சம் முகத்துக்குத் திரும்பி வரும். கரிசலில் அது வராது. காலை ஒன்பது மணிக்கு மேல் கரிசல் காட்டில் மணமக்களை நிற்க வைத்தால் நெற்றியும் மூக்கும் பளீரென்று வெளுத்து, கண்குழி இரண்டும் கறுத்துப்போகும். மாப்பிள்ளை பத்து நாள் தூங்காதவர் மாதிரித் தெரிவார். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். நன்றாக வெளுத்த வேட்டி ஒன்றை நாலாக மடித்து, உதவிக்கு வந்த பையனிடம் கொடுத்து, அவர்கள் இடுப்பளவில் சற்றே சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். முகம் உயிர் பெறும். குண்டாறு வறண்டு மணல் தெரியும் மாதங்களில் வேட்டியும் தேவையில்லை, மணலே அந்த வேலையைச் செய்யும். சீமைக்கருவேல நிழலை மட்டும் நம்பாதீர்கள். இலை பொடியானதால் நிழல் ஓட்டை ஓட்டையாக விழுந்து முகத்தில் தேமல் படர்ந்தது போலாகிவிடும்.

இப்படித் தெரிந்து எடுத்த ஒரு படம் போதும், பார்க்கிறவருக்கு உங்கள் கை புரிந்துவிடும். அதேபோல முகூர்த்தப் படம். தாலி ஏறும் அந்த நொடியில் முன்னால் நிற்கிறவர்களின் செல்போன் கைகள் மறைக்கும், அட்சதை பறக்கும், மண்டபக்காரர் போட்ட ஊதா விளக்கு பெண்ணின் கன்னத்தில் அடிக்கும். இத்தனைக்கும் நடுவில் முடிச்சுப் போடும் விரலும், குனிந்த தலையும், காற்றில் நிற்கும் நாலு அரிசியும் தெளிவாக விழுந்த ஒரு படம் உங்களிடம் இருந்தால் அதை முதல் பக்கத்தில் வையுங்கள். வேறு விளம்பர வாசகம் எதற்கு?

மொத்தமாக இருபது, இருபத்தைந்து படங்களுக்கு மேல் வேண்டாம். நானூறு படம் ஏற்றினால் பார்க்கிறவர் பத்தாவது படத்திலேயே கிளம்பிவிடுவார். கேமராவிலிருந்து வரும் படத்தை அப்படியே ஏற்றுவதும் கூடாது. ஒரு படமே எட்டு, பத்து எம்பி இருக்கும். பரளச்சியிலோ வீரசோழனிலோ சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் அது திறப்பதற்குள் பார்க்கிறவர் பொறுமை இழந்துவிடுவார். நீளப்பக்கம் இரண்டாயிரம் பிக்சலுக்குள் சுருக்கி, முந்நூறு, நானூறு கேபிக்குள் வைத்தால் செல்போனில் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது.

படத்தின் கீழே எழுத்து வேண்டும். தேடுபொறி முதலில் எழுத்தைப் பார்த்துத்தான் ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. படத்தில் அது எந்த ஊர், யார் வீட்டு விசேஷம் என்று அதற்குத் தெரியாது. ‘திருச்சுழி திருமேனிநாதர் கோயில் கோபுரத்துக்கு வெளியே, கல்யாணம் முடிந்த காலை’ என்று நல்ல தமிழில் எழுதுங்கள். ‘பந்தல்குடி அருகே கரிசல் காடு, காலை ஏழு மணி’ என்று எழுதுங்கள். ‘அருப்புக்கோட்டை காதுகுத்து போட்டோ’ என்று திருப்பூரிலிருந்து தமிழில் தேடுகிறவர் நேராக உங்கள் வாசலில் வந்து நிற்பார். கோயில் படம் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்க உத்தரவிட்டது. உள்ளே கேமரா என்றால் கோயில் நிர்வாகத்திடம் முறையாக அனுமதி வாங்க வேண்டும். சந்நிதியில் திருட்டுத்தனமாக எடுத்த படத்தை வெப்சைட்டில் போட்டு ‘எங்களுக்கு எல்லா இடத்திலும் ஆள் இருக்கிறது’ என்று காட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி நான் சொல்லப் போவதுதான் முக்கியமானது. டொமைன் உங்களுடையது, கேமரா உங்களுடையது. படத்தில் இருக்கும் முகம் உங்களுடையதில்லை.

நம் தொழிலில் இருக்கும் பலருக்கு ஒரு சட்டம் தெரியாது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டு காசும் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. கல்யாண வீட்டுக்காரர் அட்வான்ஸ் கொடுத்து எடுத்த படம் அவருடையது. அதை நம் விளம்பரத்துக்குப் போட வேண்டுமானால் அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். ஆர்டர் எழுதும் ரசீதிலேயே ‘இந்த விசேஷத்தின் படங்களில் நாங்கள் காட்டிச் சம்மதம் பெற்றவற்றை மட்டும் எங்கள் வெப்சைட்டில் வெளியிடுவோம்’ என்று தமிழில் ஒரு வரி அச்சடித்துக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு எந்தப் படம் என்று காட்டியும் கேளுங்கள். கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று மணப்பெண் அழுதுகொண்டிருக்கும் படத்தைப் போடுவது முறையில்லை.

சடங்கு வீட்டுப் படங்களைப் பற்றி நான் கறாராகவே சொல்வேன். நம் பக்கத்து ஸ்டுடியோவுக்குக் கல்யாணத்துக்கு அடுத்து வருமானம் தருவது சடங்குதான். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பட்டுக் கட்டி, நகை பூட்டி, தாய்மாமன் சீரோடு உட்கார வைத்து எடுக்கிறோம். வீட்டார் ஆசையாக எடுக்கிறார்கள், அதில் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் படம் வீட்டு ஆல்பத்துக்குள் இருப்பது வேறு, உலகம் முழுக்கத் தெரியும் பக்கத்தில் ஸ்டுடியோ விளம்பரமாக இருப்பது வேறு. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். அதே படத்தை வகுப்புப் பையன் ஒருவன் செல்போனில் வைத்துக்கொண்டு சிரிப்பான். பத்து வருஷம் கழித்து அவள் வேலைக்குப் போகும் இடத்தில் பெயரைத் தட்டினாலும் அந்தப் படம் வந்து நிற்கும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும் என்கிறது. பெற்றோர் சம்மதித்தாலும் போடாதீர்கள் என்பது என் கட்சி. அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. சடங்கு எடுப்பீர்கள் என்று தெரிவிக்க வேண்டுமானால் சீர்த்தட்டு வரிசையைப் போடுங்கள், மருதாணிக் கையைப் போடுங்கள். முகம் வேண்டாம்.

வாடிக்கையாளருக்குப் படம் அனுப்பக் கடவுச்சொல் போட்ட தனிப் பக்கம் வைப்பது நல்ல வசதி. துபாயில் இருக்கும் அண்ணன் தங்கை கல்யாணத்தை அங்கிருந்தே பார்க்கலாம். அந்தக் கடவுச்சொல் வீட்டுக்கு வீடு மாற வேண்டும். எல்லாருக்கும் ஒன்றே வைத்தால் அது ஊர்ச் சாவடிதான்.

இந்தத் தொழிலில் என்னை அதிகம் உலுக்கும் வேலை ஒன்று உண்டு. எங்காவது ஒரு பெரியவர் இறந்திருப்பார். மறுநாள் காலை மகன் ரேஷன் ஸ்மார்ட் கார்டை எடுத்துக்கொண்டு வருவான். அதில் நகத்தளவு முகம், அதுவும் மங்கிப்போயிருக்கும். “மாலை போடுற அளவுக்குப் பெருசாக்கித் தாங்கண்ணே, வேற படம் இல்ல” என்பான். அந்த முகத்தைப் பெரிதாக்கி, கலைந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக நிரப்பி, தோளில் ஒரு துண்டு போட்டுக் கொடுப்போம். வீட்டில் அதைப் பார்த்து ‘அப்பா மாதிரியே இல்லை’ என்று ஒருவர் அழுவார், ‘அப்படியே இருக்கு’ என்று இன்னொருவர் அழுவார். யோசித்துப் பாருங்கள். அந்த மனிதர் வாழ்நாளில் எத்தனை கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருப்பார், எத்தனை காதுகுத்தில் மொய் நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யாரோ ஒரு ஸ்டுடியோக்காரரின் ஹார்ட் டிஸ்க்கில் அவர் சிரித்துக்கொண்டு இருந்திருப்பார். அந்த டிஸ்க் கெட்டுப்போயிருக்கும், அல்லது இடம் வேண்டுமென்று அழித்திருப்பார்கள். ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். கடை மூடும்போது பழைய நெகட்டிவ்களைக் கிலோக் கணக்கில் எடைக்குப் போட்டவர்கள் உண்டு. அதிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். ஒரு ஊரின் இரண்டு தலைமுறை முகம் அப்படிக் கரைந்து போயிருக்கிறது. மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம் என்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேர்த்திருக்கிறார்கள். வெளியார் வந்து அக்கறை காட்டும் பொருளுக்கு நாம் காவல் இருக்க வேண்டாமா?

ஆகவே உங்கள் வெப்சைட்டில் எந்த ஸ்டுடியோவும் போடாத ஒரு தகவலைப் போடச் சொல்கிறேன். ‘உங்கள் வீட்டு விசேஷப் படங்களை இத்தனை ஆண்டுகள் பத்திரமாக வைத்திருப்போம், கேட்டால் தருவோம்’ என்று எழுதுங்கள். ஐந்தோ பத்தோ, உங்களால் முடிந்த எண்ணை எழுதுங்கள். எழுதியபின் அதைக் காப்பாற்ற மூன்று பிரதி வையுங்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்று கடைக்கு வெளியே வேறு இடத்தில் இருக்கட்டும். இன்ஸ்டாகிராமை மட்டும் நம்பிப் படத்தை விட்டுவைத்தால் அது சுருக்கப்பட்ட நகல்தான். ஆல்பம் அளவுக்கு அடிக்க வராது.

மற்றவை சுருக்கமாக. செல் நம்பர் முதல் பக்கத்திலேயே, விரல் வைத்தால் போன் போகிற மாதிரி இருக்க வேண்டும். கூகுள் மேப்பில் கடையைப் பதிந்து, அதில் உங்கள் சொந்த முகவரியைக் கொடுங்கள். விலையை மறைக்காதீர்கள். காதுகுத்துக்கு இவ்வளவு, அதில் எத்தனை மணி நேரம், எத்தனை பக்க ஆல்பம் என்று எழுதிவிட்டால் பேரம் பாதி குறையும். கரிசல்காட்டு விவசாயிக்கு ஸ்டுடியோப் படி ஏறக் கூச்சம் உண்டு. விலை தெரிந்தால் தைரியமாக வருவார். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது படங்களை மாற்றுங்கள். 2019 கல்யாணத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருந்தால் கடை இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்று கடை சாத்துவதற்கு முன் டொமைன் ரசீதை எடுத்துப் பாருங்கள். யார் பெயர், யார் ஈமெயில், எந்தத் தேதியில் கெடு முடிகிறது என்று பார்த்து, அந்தத் தேதியைக் கல்லாவுக்கு மேலே தொங்கும் காலண்டரில் எழுதி வையுங்கள். இனிமேல் தொடங்கப் போகிறவர்கள் முதலில் கணினி முன்னால் உட்கார வேண்டாம். நீங்கள் எடுத்ததில் மனதுக்கு நிறைவான பத்துப் படங்களைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு அந்தந்த வீட்டுக்குப் போய், ‘இதை எங்கள் வெப்சைட்டில் போடலாமா?’ என்று கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பிரிண்டை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.